மோகனன் டாக்டர் கேட்டும் கிடைக்காத பதில்

இந்த வாசகசாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாலையன் அண்ணாச்சி அவர்களே! மறைந்த டாக்டரின் துணைவியார் குமாரி சேச்சி அவர்களே! அவருடைய கிளினிக்கில் தொடக்கம் முதல் நர்ஸாக நின்ற கார்த்தியாயினி சிஸ்டர் அவர்களே! ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து காரில் வந்து, எனக்கு முன்பு பேசி அமர்ந்திருக்கும் டாக்டர் அஸ்வந்த் அவர்களே! மேடையில் இருப்பது இவ்வளவு பேர்தான்.

கீழே, முன்வரிசையில், டைப் ஒன் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் தாய்மார் இருக்கிறார்கள். சினி வந்திருக்கிறாள், மகள் நீதுவோடு. லேகா வந்திருக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள், கோயில் கமிட்டிக்காரர்கள், மருந்துக்கடை சஜின், வெள்ளறடை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்த பிள்ளைகள். வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. வந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்வது என் பழக்கம். சங்கத்தின் கணக்கு எழுதுகிறவள் நான். ஒன்று விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. வராதவர்களின் பெயரையும் சொல்லத்தான் இருந்தேன். "இண்ணைக்கு வேண்டாம் ஆனந்தம், துக்க வீடு மாதிரியாக்கும்" என்று பாலையன் அண்ணாச்சி படிக்கட்டிலேயே தடுத்துவிட்டார். சொல்லவில்லை. அவரவருக்குத் தெரியும்.

என் பெயர் ஆனந்தபாய். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் உள்ள டைப் ஒன் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்துக்குப் பொருளாளர். தலைவர் மருத்துவர் மோகனன். இப்போது அந்த இடம் காலி.

யார் இந்த மோகனன் டாக்டர்? எனக்கு முன்பு பேசியவர்கள் அவருடைய பட்டங்களைச் சொன்னார்கள். அவர் வாங்கிய சால்வைகளைச் சொன்னார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்லுகிறேன். என் மகளுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம், இந்த ஊர் என்னை என்ன சொன்னது? "மிட்டாய் வாங்கிக் குடுத்துப் பிள்ளைய கெடுத்தவ" என்றது! என் வீட்டுக்குள்ளேயும் அதுதான் பேச்சு. என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மச்சி, இது மிட்டாய் தின்னு வந்த சர்க்கரை இல்ல கேட்டியளா. நம்ம உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு படை உண்டு. நோய் வந்தா அடிச்சு வெரட்டத்துக்கு. அந்தப் படைக்கு புத்தி தப்பிப்போச்சு. இன்சுலின் உண்டாக்குற சொந்த வீட்டயே கள்ளன் வீடுன்னு நெனச்சு அடிச்சு ஒடச்சிருக்கு. இதுல இவ என்ன செய்வா?"

"அப்ப இவ மேல தப்பு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார் மாமியார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வேற தப்பு உண்டெங்கில் நீங்க வீட்டுல போயி தேடுங்க. இதுல இல்ல" என்றார் டாக்டர்.

சிரிக்கலாம், சிரியுங்கள். அவரும் அதைத்தான் விரும்புவார். என் தலையிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்த மனிதர் அவர்! இந்த முன்வரிசையில் எத்தனை தாய்மாரின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்!

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. என் மகளும் உபவாசம் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து பிள்ளை மயங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் விடவில்லை, வாதாடினேன். "கர்த்தர் உங்க மோளப் பட்டினி கிடக்கச் சொன்னாரா ஆனந்தம்? எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே!" என்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் என் ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் புகுந்து ஒரு தோசையைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஓணத்துக்கு நேர்மாறு. "பாயசம் குடிக்கட்டும், அதுக்குத் தக்கன ஊசியக் கூட்டிப் போடு, பண்டிகைய பிள்ளையள்ட்டேருந்து பிடுங்காத" என்பார். எங்கள் பிள்ளைகளை நோயாளிகளாக அல்ல, பிள்ளைகளாக வளர்த்தவர் அவர்!

இப்போது டாக்டர் அஸ்வந்த் அவர்களே, உங்களிடம் வருகிறேன். அருமையாகப் பேசினீர்கள். "மோகனன் டாக்டர் எங்கள் நிறுவனக் குடும்பத்தில் ஒருவர்" என்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் ஒருவர் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள் அல்லவா?

விஷயம் தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்லுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நிறுவனத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. வைட்டமின் டி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால், புத்தி தப்பிய அந்தக் காவல் படை கொஞ்சம் அடங்குமா? உடம்பில் மிச்சமிருக்கும் சொந்த இன்சுலினை இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்ற முடியுமா? இதுதான் கேள்வி. நோய் புதிதாக வந்த பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். என் மகளுக்கு நோய் பழகிப்போனதால் அவளுக்கு இடமில்லை. இதே வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள்.

"வெயிலுல கெடந்து காயுத ஊருல வைட்டமின் டிக்கு பஞ்சமா டாக்டரே?" என்று லேகா எழுந்து கேட்டாள்.

"எங்க வெயிலு? வீட்டச் சுத்தி ரப்பர் நெழல். பிள்ளையளுக்கு விடிஞ்சா பள்ளிக்கூட வேனு, சாயங்காலம் டியூஷன், பின்ன மொபைல். சூரியன் அவியளப் பாத்தே நாளாச்சு" என்றார் டாக்டர்.

எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையை உயர்த்திச் சொன்னார். அந்தச் சொற்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. "இது இன்சுலினுக்குப் பதில் இல்ல. பலன் உண்டா இல்லியான்னு லோகத்துல ஆருக்கும் இதுவரை உறுதியாத் தெரியாது. அதுக்காக்கும் சோதனை. பாதிப் பேருக்கு மருந்துள்ள கேப்ஸ்யூல், பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய் உள்ளது. ஆருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொடக்கத்துல ஒருக்க இரத்தம் எடுப்பாவ, ஆறாம் மாசம் ஒருக்க எடுப்பாவ. அந்த ரிப்போர்ட் ஒவ்வொரு தள்ளைக்க கையிலயும் வந்து சேரும். அதுக்கு நான் வாக்கு."

வாக்கு! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தத் தாய்மார் பிள்ளைகளின் கையை நீட்டிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயரை நம்பியா கொடுத்தார்கள்? அந்தப் பெயரை உச்சரிக்கக்கூட எங்களுக்கு வராது! மோகனன் டாக்டரை நம்பிக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. எங்கள் சபையில் அசனம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீடு வீடாக அரிசி வரும். நல்ல அரிசியும் வரும், ரேஷன் அரிசியும் வரும். எல்லாம் ஒரே அண்டாவில் கொதிக்கும். யார் வீட்டு அரிசியை யார் தின்றார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பணக்காரனும் ஏழையும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவார்கள். அதுதான் எங்களுக்குத் தெரிந்த நியாயம். அந்த நியாயத்தில் வளர்ந்த பெண்களிடம் போய், "ஒருத்தி பிள்ளைக்கு மருந்து, மற்றவள் பிள்ளைக்கு வெறும் எண்ணெய்" என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும் ஒன்றுகூடினார்கள். எல்லாக் குப்பிகளையும் ஒரு தூக்குச்சட்டியில் கொட்டினார்கள். கலக்கினார்கள். ஜெபித்தார்கள். பங்கு வைத்தார்கள்! வாராவாரம் வைத்தார்கள்!

அவர்கள் இதை ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. என் மகளைக் காட்ட நான் கிளினிக்கில் இருந்த ஒரு நாள், லேகா மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

"டாக்டரே, இனி ஆருக்கும் சங்கடம் இல்ல. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கியாச்சு. இவிய ஜெபம் பண்ணினாவ, நான் எனக்க அம்மனயும் விளிச்சேன்."

"என்னத்தக் கலக்கினிய?"

"கேப்ஸ்யூலத்தான்."

"ஆருக்க கேப்ஸ்யூல?"

"எல்லாருக்கதையும். ஒருத்தியும் விட்டுப்போகல்ல. குலுக்கி எடுத்ததாக்கும், நல்ல நியாயமாட்டு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். கார்த்தியாயினி சிஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "சிஸ்டரே, பெரிய பெரிய நாட்டுல எல்லாம் ஆராய்ச்சி நடக்கு. ஒரு எடத்துலயும் இப்பிடி ஒண்ணு நடந்திருக்காது. அசனமாக்கும் வச்சிருக்காளுவ!" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. லேகாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தப்பு எனக்க மேலயாக்கும் லேகா. கலந்தா என்ன ஆகும்னு நான் சொல்லித் தந்திருக்கணும். சொல்லல்ல" என்றார். அவ்வளவுதான்.

"ஆரும் அறியாண்டாம் டாக்டரே, விட்டுருங்க" என்றார் சிஸ்டர். சிஸ்டர் அவர்களே, தலையைக் குனிய வேண்டாம்; அவர் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னீர்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை இந்தச் சபை கேட்க வேண்டும். "பொய்க் கணக்க நம்பி நாளைக்கு எங்கயோ ஒரு டாக்டர் ஒரு பிள்ளைக்கு மருந்து எழுதுவாரு, சிஸ்டரே. அந்தப் பிள்ளையும் பிள்ளைதானே!"

அன்றைக்கே நிறுவனத்துக்குத் தெரிவித்தார். நடந்ததை நடந்தபடி தெரிவித்தார். பரிசு என்ன கிடைத்தது? ஒரு வண்டி வந்தது. மிச்சக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த மையத்தின் விவரங்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். சரி. செல்லாதுதான். டாக்டரே ஒப்புக்கொண்டார். ஆனால் தொடக்கத்திலும் ஆறாம் மாதத்திலும் எடுத்த இரத்தம்? அதை யாரும் சட்டியில் போட்டுக் கலக்கவில்லையே! ஒவ்வொரு பிள்ளையின் இரத்தமும் அதனதன் பெயரில்தானே போனது! விவரம் செல்லாது என்றால் எங்கள் பிள்ளைகளும் செல்லாதவர்களா?

டாக்டர் கேட்டார். கமிட்டி கூட வேண்டும் என்றார்கள். மறுபடி கேட்டார். அதிகாரி விடுப்பில் என்றார்கள். மறுபடி கேட்டார். கோப்பு வேறு ஆபீசுக்குப் போய்விட்டது என்றார்கள். கடைசியில், செல்லாத மையத்துக்கு ரிப்போர்ட் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். "வழக்கம் இல்ல!" என்று அவர் போனை வைத்துவிட்டுத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. ஊரே, நீ என்ன செய்தாய்? "மனுசன் வாய அடச்சிட்டு இருந்திருந்தா மருந்தாவது கிடைச்சிருக்கும்" என்று சொன்னது யார்? "பிள்ளையள எலியாக்கின டாக்டர்" என்று சாயாக்கடையில் பெயர் வைத்தது யார்? அவருடைய கிளினிக் வாசலைத் தாண்டி, பஸ் ஏறி, வேறு டாக்டரிடம் போனவர்கள் யார்? இன்று அவர் படத்துக்கு முன்னால் பூ மலைபோல் கிடக்கிறது. நல்ல பூ. அவர் கண் திறந்திருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்ல இந்தக் கைகளுக்கும் வாய்களுக்கும் ஏன் முடியாமல் போயிற்று? உயிருள்ள மனிதருக்குக் கொடுக்காததை எல்லாம் படத்துக்குக் கொடுக்கிறோமே, வெட்கமாக இல்லையா!

இனி சொல்லப்போவதை சினியிடம் கேட்டு, அவள் சொல்லச் சொன்ன பிறகுதான் சொல்லுகிறேன்.

ஆராய்ச்சி நடந்த அந்த மாதங்களில் நீதுவுக்கு மிகக் கொஞ்சம் இன்சுலின் போதுமாக இருந்தது. பிள்ளை ஓடி விளையாடினாள். நோய் தொடங்கிய புதிதில் சிலருக்கு இப்படி ஒரு நல்ல காலம் வரும், பிறகு போய்விடும், இதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயர் என்றார் டாக்டர். "இந்தச் சின்னப் பிள்ளைக்கு இப்பவே தேனிலவா டாக்டரே?" என்று சினி கேட்டு, நாங்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் அவள் நம்பியது வேறு. கேப்ஸ்யூல்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்று நம்பினாள். கேப்ஸ்யூல் நின்றது. கொஞ்ச நாளில் சர்க்கரையும் ஏறியது. ஒரு தாய் இதை எப்படிப் படிப்பாள்? சொல்லுங்கள், எப்படிப் படிப்பாள்?

கடையில் வைட்டமின் டி வாங்கிக் கொடுக்கத் தொடங்கினாள். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சஜின் மறுத்தான். வெள்ளறடையில் வாங்கினாள், காட்டாக்கடைக்குப் போய் வாங்கினாள். இன்சுலினைக் கூட்டு என்று டாக்டர் சொன்னால், அவள் வைட்டமினைக் கூட்டினாள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் சோதித்துப் பார்த்தார். கால்சியம் ஏறத்தான் தொடங்கியிருந்தது. அவள் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"நிப்பாட்டு சினி. எனக்க மோளாட்டு நெனச்சுச் சொல்லுதேன்."

"டாக்டரே, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. எனக்க பிள்ளை அண்ணைக்கு நல்லாயிருந்தது அந்த மருந்துனால இல்லன்னு உறுதியாட்டுச் சொல்லுங்க. இந்த நிமிசம் நிப்பாட்டுதேன்."

ஒரு பொய் போதும். "ஆமா, மருந்துனால இல்ல" என்று ஒரே ஒரு பொய்! வேறு எந்த டாக்டராக இருந்தாலும் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன், ஆண்டவர் மன்னிப்பார் என்று. மோகனன் டாக்டர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது எனக்குத் தெரியாது சினி" என்றார்.

"பின்ன எதுக்கு நான் நிப்பாட்டணும்?"

"அவளுக்க ஆறாம் மாச இரத்தம் சொல்லும். அதுல வைட்டமின் ஏறவே இல்லன்னா, மருந்து அவளுக்குக் கிடைக்கவே இல்ல, வெறும் எண்ணெயாக்கும் கிடைச்சது. ஏறியிருந்தா, தேவையானது கிடைச்சாச்சு, மேல மேல குடுக்காண்டாம்னு காட்டித் தருவேன்."

"பேப்பர் எங்க டாக்டரே?"

பேப்பர் எங்கே! இன்றைக்கு ஊசி குத்தி எடுத்தால் இன்றைய இரத்தம்தான் வரும். அன்றைய இரத்தம் என்ன சொன்னது என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் நீதுவுக்குச் சர்க்கரை எகிறி, மூச்சு வாங்கி, நினைவு தப்பியது. ஆட்டோவில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஆண்டவர் கிருபை, அங்குள்ளவர்கள் பிள்ளையை மீட்டுக் கொடுத்தார்கள். ஐசியு வாசலில் டாக்டர் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் காலையில் நிறுவனத்துக்குப் போன் செய்யாத நாள் இல்லை. அங்கே யாரும் எடுக்கவில்லை; குமாரி சேச்சி சாட்சி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் வெட்ட வந்தவரோடு முற்றத்தில் பேசிக்கொண்டு நின்றவர், தென்னையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது செய்தி வந்தது. அவருடைய இதயம் முன்பே பழுது. யாரும் அவரைக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவராக அவரைப் போக விட்டீர்கள். அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கினால் எனக்கு ஜெபம் வராது.

போனவர் போய்விட்டார். சங்கம் போகாது. சனிக்கிழமை தோறும் கிளினிக் வராந்தாவில் பிள்ளைகள் கூடுவார்கள். குமாரி சேச்சி சாவியைத் தந்திருக்கிறார். சர்க்கரை பார்த்து, ஊசி அளவு சொல்லித்தர கார்த்தியாயினி சிஸ்டர் இருப்பார். காட்டாக்கடையிலிருந்து ஒரு டாக்டர் மாதந்தோறும் வரச் சம்மதித்திருக்கிறார். மிட்டாய் கொடுத்துக் கெடுத்தவள் என்று இனி ஒரு தாயை இந்த ஊரில் எவராவது சொன்னால், அவர் வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் போய் நிற்போம். மோகனன் டாக்டர் தொடங்கியதை நாங்கள் தொடருவோம். இது எங்கள் வாக்கு.

அவருடைய வாக்கு மட்டும் பாக்கி. நேற்று சினி என்னிடம் வந்தாள். "அக்கா, டாக்டருக்காக ஒரு மாசம் வைட்டமின நிப்பாட்டுதேன். இன்சுலின் சிஸ்டர் சொல்லுதது மாதிரியே போடுதேன். அதுக்குள்ள பேப்பர் வரல்லெங்கில், பின்ன என்ன ஆரும் தடுக்கப்பிடாது" என்றாள். அவளைத் தடுக்க எங்களால் முடியாது. டாக்டராலேயே முடியவில்லை.

டாக்டர் அஸ்வந்த் அவர்களே! உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. நீங்கள் நேரில் வந்தீர்கள். போனை எடுக்காதவர்கள் யாரும் வரவில்லை. நீங்கள் வந்ததற்கு நன்றி. எங்களுக்கு மலர்வளையம் வேண்டாம், வைட்டமின் வேண்டாம், டாக்டர் பெயரில் விருதும் வேண்டாம். நீதுவின் முதல் இரத்தத்திலும் ஆறாம் மாத இரத்தத்திலும் வைட்டமின் டி எவ்வளவு இருந்தது? அவளுடைய சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் இருந்தது? மற்றப் பிள்ளைகளுக்கும் அதே இரண்டு கேள்விதான். தமிழில் எழுதினாலும் சரி, மலையாளத்தில் எழுதினாலும் சரி, இங்கிலீஷில் இருந்தாலும் படித்துச் சொல்ல ஆள் பிடித்துக்கொள்வோம். தர முடியாது என்றால் அதையாவது எழுதித் தாருங்கள்.

சினி காத்திருக்கிறாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.